பேஸ்மென்றுக்கு வெளியால படி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பேஸ்மென்ற் வாசல் பற்றிக் கேள்வி இருந்தா அனுப்புங்கோ எண்டு கீழ ஒரு வரிதான் போட்டது, வந்த ஈமெயிலைப் பார்த்தா ஸ்காபரோவில பாதிப்பேர் மண்வெட்டியோடதான் நிக்கினம் போல. ஒரே கேள்வியைக் கன பேர் கேட்டதால சிலதைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறன். எல்லாப் பதிலும் ரொறன்ரோ, அதைச் சுத்தியுள்ள ஊர்களை வைச்சுத்தான். வன்கூவர்ல இருந்து கேட்டவைக்கு அங்கத்தைய சட்டம் வேற, குளிரும் வேற, குறை நினைக்காதேங்கோ.

ஸ்காபரோ வாசகி ஒருவர்: அண்ணை, எங்கட பங்களோ 1950கள்ல கட்டினது. பேஸ்மென்றை வாடகைக்கு விடுறதுக்குப் பின்பக்கத்தால ஒரு தனி வாசல் வைப்பம் எண்டு இவர் நிக்கிறார். பார்க்க வந்த கொன்றாக்டர் "பெர்மிற் எதுக்கு அக்கா, பின்வளவுதானே, ஆர் பார்க்கப்போகினம், ரெண்டு கிழமையில முடிச்சுத் தாறன்" எண்டு சொல்லுறார். பெர்மிற்றோட எண்டால் காசும் கூடவாம், நாளும் கூடவாம். எனக்கும் ஆர் பார்க்கப்போகினம் எண்டுதான் படுது. என்ன செய்யிறது?

ஆர் பார்க்கிறது எண்டால் தங்கச்சி, முதல்ல பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பார். மெஷினும் மண் ஏத்திற பெட்டியும் வந்து நிக்கேக்க சிற்றியின்ர 311 நம்பருக்கு ஒரு கோல், அவ்வளவுதான். பேஸ்மென்றுக்கு வெளியால புது வாசல் வைக்கிறதுக்கு ரொறன்ரோவில பில்டிங் பெர்மிற் கட்டாயம் வேணும், பின்வளவு முன்வளவு எண்ட வித்தியாசம் இல்லை. பெர்மிற் இல்லாமல் செய்து பிடிபட்டா சிற்றி வேலையை நிப்பாட்டி ஓடர் போடும். அதைவிடக் கொடுமை என்னெண்டால், கொங்கிறீற் ஊத்தி மண் மூடின பிறகு உள்ளுக்க என்ன கிடக்குது எண்டு இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதுதானே, அப்ப திரும்பத் தோண்டிக் காட்டச் சொல்லுவினம். ரெண்டு தரம் தோண்டின காசுக்கு முதலே ஒழுங்காச் செய்திருக்கலாம் எண்டு அப்பதான் விளங்கும். வீடு விக்கேக்க வாங்கிறவையின்ர லோயர் பெர்மிற் எங்க எண்டு கேப்பார், தண்ணி வந்து இன்சூரன்சுக்குப் போனாலும் அதே கேள்விதான் வரும்.

பெர்மிற் எண்டால் பெரிய பூதம் எண்டு நினைக்காதேங்கோ. ஒரு கீறல் படம் வேணும், அதைக் கீறுறவருக்கு பிசிஐஎன், அதாவது கட்டடப் படம் கீறத் தகுதி உள்ளவைக்கு மாகாணம் குடுக்கிற நம்பர், இருக்கவேணும். வீட்டுக்காரரே தன்ர வீட்டுக்குக் கீறிக் குடுக்கவும் ஒன்ராறியோவில இடமிருக்கு, ஆனா உங்கட விஷயத்தில அதைச் செய்யாதேங்கோ. ஏனெண்டால் அந்தக் காலத்துப் பங்களோக்களின்ர அத்திவாரச் சுவர் கனக்க இடத்தில கொங்கிறீற் புளொக். அதில கதவளவுக்கு ஒரு ஓட்டை வெட்டேக்க மேல நிக்கிற செங்கலையும் ஜொயிஸ்ற் எண்டுற தளத்து மரச் சட்டங்களையும் தாங்க லின்ரல் எண்டுற ஒரு இரும்பு உத்தரம் வேணும், அது எந்தச் சைஸ், ரெண்டு பக்கமும் எதில இருக்கப்போகுது எண்டு ஒரு இஞ்சினியர் கையெழுத்து வைக்கிறதுதான் பாதுகாப்பு. ஏற்கெனவே ஜன்னல் இருக்கிற இடத்தைக் கீழ வெட்டிக் கதவாக்கினா பாதிக் கஷ்டம் குறையும், ஜன்னலுக்கு மேல ஏதோ ஒரு தாங்கல் ஏற்கெனவே இருக்கும், அகலம் போதுமோ எண்டுதான் பார்க்கவேணும்.

இப்ப எவ்வளவு இடம் வேணும் எண்டு ஒருக்காக் கணக்குப் பார்ப்பம். உங்கட மாதிரிப் பங்களோவில மேல் தளம் நிலத்தில இருந்து ரெண்டு மூண்டு அடி உயரத்தில நிக்கும், அதால பேஸ்மென்ற் நிலம் வெளி மண்ணில இருந்து ஒரு அஞ்சு அடி, அதாவது 1.5 மீற்றர் ஆழத்தில எண்டு வைப்பம். ஒரு படியின்ர உயரம் 200 மில்லிமீற்றருக்கு மேல போகக்கூடாது. எட்டு ஏத்தமாப் பிரிச்சா ஒண்டு 187 மில்லிமீற்றர் கிட்ட வரும், நல்ல உயரம், வயசானவையும் ஏறலாம். எட்டு ஏத்தத்துக்கு ஏழு மிதிபடி, ஒண்டு குறைஞ்சது 255 மில்லிமீற்றர் நீளம் எண்டால் 1.8 மீற்றர். கீழ கதவுக்கு முன்னால நிக்கிறதுக்கு லான்டிங் ஒரு மீற்றராவது, அதோட அந்தத்தில வாற சுவர். மொத்தம் மூண்டு மீற்றருக்குக் கொஞ்சம் மேல. படியின்ர அகலம் சுவருக்குச் சுவர் குறைஞ்சது 860 மில்லிமீற்றர், ஆனா நான் சொல்லுறன் ஒரு மீற்றராவது விடுங்கோ, ஃப்ரிஜ்ஜும் கட்டிலும் அதாலதானே இறங்கப்போகுது. கொன்றாக்டர் "படியைக் கொஞ்சம் செங்குத்தா வைச்சா இடம் மிச்சம்" எண்டு சொன்னா வேற ஆளைப் பாருங்கோ.

ரெண்டு கிழமைக் கதையையும் நம்பாதேங்கோ. கிடங்கு வெட்டி ஃபூற்றிங், அதாவது சுவர் நிக்கிற கொங்கிறீற் அடித்தளம், போட முதல் ஒரு இன்ஸ்பெக்சன், சுவர் எழும்பி மண் மூட முதல் இன்னொண்டு, கடைசியில ஒண்டு. ஒவ்வொரு தரமும் இன்ஸ்பெக்டர் வாறவரைக்கும் கிடங்கு திறந்து கிடக்கும். மழை பெய்தா இன்னும் இழுபடும். அதுக்கு மேல, இந்தளவு கிடங்கில இருந்து வாற மண் 12, 15 தொன்னுக்குக் குறையாது, அது எங்க போகுது, மண் ஏத்திற பெட்டிக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டதை முதலே எழுதி வாங்குங்கோ. கதவுக்கு வெட்டுறதைக் கடைசியாச் செய்யச் சொல்லுங்கோ. வெளிச் சுவர், படி, வடிகால் எல்லாம் முடிஞ்சாப் பிறகு வீட்டுச் சுவரை வெட்டினாப் போதும், அதுவரை மழையும் அணிலும் உள்ளுக்க வராது.

மார்க்கத்தில இருந்து ஒருவர்: ரெண்டு பேரிட்டக் கொட்டேசன் எடுத்தனான். ஒருவர் சுத்துச் சுவருக்கு ஒரு அடி ஆழத்தில ஃபூற்றிங் போதும் எண்டுறார். மற்றவர் நாலு அடி வேணும், இஞ்சினியர் வேணும், இன்சுலேசன் வேணும் எண்டு பெரிய கணக்குச் சொல்லுறார். ரெண்டுக்கும் பத்தாயிரத்துக்கு மேல வித்தியாசம். ரெண்டாவது ஆள் என்னைச் சுத்துறாரோ?

சுத்தேல்லை. ரெண்டாவது ஆளுக்கு விஷயம் தெரியும், அவரைக் கைவிட்டிடாதேங்கோ.

இஞ்ச வின்ரர்ல மண் மேல இருந்து கீழ்நோக்கி உறைஞ்சுகொண்டு போகும். ரொறன்ரோப் பக்கம் ஃபூற்றிங்கை 1.2 மீற்றர், அதாவது நாலு அடி ஆழத்தில வைக்கவேணும் எண்டு சொல்லுறது, அதுக்குக் கீழ உறைபனி போகாது எண்ட கணக்கில. எங்கட பக்கத்து மண் கனக்க இடத்தில களிமண். களிமண் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், உறையேக்க கீழ இருந்து இன்னும் தண்ணியை மேல இழுத்து ஐஸ் தட்டுத் தட்டா வளரும், வளர்ந்து மேல இருக்கிறதை அப்படியே தூக்கும். வசந்தத்தில உருகேக்க சேறாகி இறங்கும். ஒரு அடி ஆழத்தில நிக்கிற சுவர் ரெண்டு மூண்டு வின்ரர்லயே வெடிக்கத் தொடங்கும், வீட்டுச் சுவரை விட்டு விலகும், விலகின இடைவெளியால தண்ணி நேர உங்கட கதவடிக்கு வரும்.

இதில கன பேருக்கு விளங்காத இடம் ஒண்டு இருக்கு, அதைக் கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ. நாலு அடி எண்டால் எதில இருந்து நாலு அடி? வெளியில புல் இருக்கிற மட்டத்தில இருந்து இல்லை. கிடங்கு வெட்டின பிறகு அந்த லான்டிங்தான் புது வெளிநிலம், குளிர் காத்து அங்கதான் வந்து நிக்கும். அப்ப லான்டிங்கில இருந்து கீழ நாலு அடி வேணும். லான்டிங் ஏற்கெனவே மண்ணுக்கு அஞ்சாறு அடி கீழ. அப்ப உங்கட ஃபூற்றிங் ஒன்பது பத்து அடியில வருது. உங்கட வீட்டின்ர சொந்த ஃபூற்றிங் எங்க நிக்குது? பேஸ்மென்ற் நிலத்துக்குச் சற்றுக் கீழ, அரை அடி ஒரு அடியில. இவ்வளவு காலமும் அதுக்கு வெளிப்பக்கம் ஆறேழு அடி மண் போர்வை இருந்தது, குளிர் அதைத் தொடேல்லை. இப்ப நீங்கள் அந்த மண்ணை அள்ளிப் போட்டியள், கதவடியில வீட்டு ஃபூற்றிங்கே குளிருக்குத் திறந்து கிடக்கு. சரி, புதுச் சுவருக்கு நாலு அடி ஆழத்துக்கு வெட்டுவம் எண்டு வெட்டினா வீட்டு ஃபூற்றிங்குக்குக் கீழயே தோண்டுறியள், வீடு நிக்கிற மண் சரிஞ்சு கிடங்குக்க வரும். வெட்டினாலும் பிழை, விட்டாலும் பிழை. இதுக்குத்தான் தம்பி இஞ்சினியர்.

வழி ரெண்டு. ஒண்டு, அந்த இடத்தில வீட்டு ஃபூற்றிங்குக்குக் கீழ துண்டு துண்டா வெட்டிக் கொங்கிறீற் போட்டு ஆழமாக்கிறது, அண்டர்பின்னிங் எண்டு சொல்லுவினம். ஒரே நேரத்தில முழுக்க வெட்டமாட்டினம், ஒரு துண்டு முடிஞ்சு இறுகினாப் பிறகுதான் அடுத்தது. மற்றது, ஃபூற்றிங்கை வீட்டு ஃபூற்றிங் மட்டத்திலேயே வைச்சுக்கொண்டு, லான்டிங்குக்குக் கீழயும் சுவரோரமாயும் அந்த நீல அல்லது பிங்க் நிறக் கடின ஃபோம் பலகையைப் பதிச்சு, உள்ளுக்க இருந்து வாற வீட்டுச் சூட்டை மண்ணுக்குள்ள பிடிச்சு வைக்கிறது. எத்தினை இஞ்சி, எவ்வளவு தூரம் எண்டதை உங்கட வீட்டைப் பார்த்து இஞ்சினியர் படத்தில போட்டுத் தருவார். அதிகமான வீடுகளுக்கு ரெண்டாவது வழி மலிவு, அதுதான் என்ர தெரிவும். ஆனா ஃபோம் போடுறன் எண்டு காசு வாங்கிப்போட்டு லான்டிங் கொங்கிறீற் ஊத்திற அண்டு "மறந்துபோச்சு" எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். ஊத்திற அண்டு காலமை வேலைக்கு லீவு போட்டிட்டு நிண்டு பாருங்கோ, போனில படம் எடுத்து வையுங்கோ.

படிக்கும் லான்டிங்குக்கும் ஊத்திற கொங்கிறீற்றின்ர பலம் 32 மெகாபாஸ்கல், காத்துக் கலந்தது 5 முதல் 8 வீதம், வெளிப்படிக்கு ஒன்ராறியோக் கட்டடச் சட்டத்தில இருக்கிற அளவு இது. அந்தச் சின்னச் சின்னக் காத்துக் குமிழிகள்தான் உள்ளுக்க உறையிற தண்ணிக்கு விரிய இடம் குடுக்கிறது. டிரக் கொண்டாற ரிக்கற்றில இது எழுதியிருக்கும், வாங்கிப் பாருங்கோ. பையில வாங்கிக் கையால குழைச்சு ஊத்தினா மூண்டாம் வருஷம் படியின்ர மூலை எல்லாம் உதிரும், அதுக்கு மேல உப்பு வேற எறிவியள்.

பிரம்ரன் வாசகர்: எங்கட வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில எங்கட பக்கம் 4 அடிதான். அதுக்குள்ள படி வைக்கலாமோ?

படி 860 மில்லிமீற்றர் எண்டால் 34 இஞ்சி. வெளிச் சுவர் 10 இஞ்சி. மொத்தம் 44. உங்களிட்ட இருக்கிறது 48. மிச்சம் நாலு இஞ்சியால பூனை போகலாம், தீயணைப்புக்காரர் போகேலாது. சுவருக்கு வெளியால தோண்டி வேலை செய்யவும் இடம் வேணும், அது பக்கத்து வீட்டுக்காரரின்ர காணி. காணியில எதை எங்க கட்டலாம் எண்டு சொல்லுற சோனிங் சட்டத்தில எல்லையில இருந்து எவ்வளவு தள்ளி இருக்கவேணும், பின்வளவுக்குப் போற பாதை எவ்வளவு விடவேணும் எண்டு இருக்கு, அதை மீறுறதெண்டால் சிற்றியின்ர கொமிற்றி ஒஃப் அட்ஜஸ்ற்மென்றுக்கு மைனர் வேரியன்ஸ், அதாவது சின்ன விலக்கு, கேட்டுப் போகவேணும். அங்க அயலவருக்கும் கடிதம் போகும், எதிர்த்துக் கதைக்க அவைக்கும் உரிமை இருக்கு. நாலு அடிக்கு அந்தச் சண்டை தேவையில்லை, பின்பக்கத்தால வையுங்கோ.

இன்னொரு வழியையும் பாருங்கோ. உங்கட வீட்டில உள்படி எங்க இறங்குது? அது பக்கச் சுவரோட இறங்குதெண்டால், நடு லான்டிங் வெளி மண் மட்டத்துக்குக் கிட்ட வருதெண்டால், அந்த இடத்தில ஒரு கதவு வைச்சா வெளியால கிடங்கே தேவையில்லை. பழைய ஸ்காபரோப் பங்களோக்களில சைட் டோர் எண்டு இருக்கிறது இதுதான். தோண்டல் இல்லை, தண்ணி இல்லை, ஸ்னோ நிரம்பாது. இதுக்கும் பெர்மிற் வேணும், ஆனா செலவு எங்கயோ கீழ. கிடங்கு வெட்டாமல் முடியுமெண்டால் வெட்டாதேங்கோ எண்டதுதான் இந்தப் பகுதியில நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது.

எற்றோபிக்கோ வாசகி: நாங்கள் வாங்கேக்கயே இந்த வெளிப்படி இருந்தது. பெரிய மழை பெய்தா லான்டிங்கில தண்ணி நிரம்பி கதவுக்குக் கீழால உள்ள வருது. 2024 ஜூலையில கார்ப்பெற் முழுக்கப் போச்சு. கதவை மாத்தினம், ரப்பர் போட்டம், சிலிக்கன் அடிச்சம், நிக்கேல்லை.

கதவை மாத்தி என்ன பிரயோசனம் அக்கா, தண்ணி வாற வழியை விட்டிட்டு. 2024 ஜூலை 16 அண்டு பியர்சன் விமான நிலையத்தில கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் மழை. 2013 ஜூலை 8 அண்டு 126. அந்த மாதிரி ஒரு நாளுக்கு உங்கட கிடங்கு என்ன செய்யும் எண்டு பாருங்கோ: ஒரு மீற்றர் அகலம், மூண்டு மீற்றர் நீளம், 100 மில்லிமீற்றர் மழை எண்டால் நேர விழுறது 300 லீற்றர். அது பரவாயில்லை, ஒரு ஒழுங்கான வடிகால் விழுங்கிப்போடும். ஆனா உங்கட கூரையின்ர பின்பாதி 50 சதுர மீற்றர் எண்டால் அதில விழுறது 5,000 லீற்றர். அந்தப் பீலித் தண்ணி எங்க இறங்குது? நீங்கள் அனுப்பின படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தன், டவுன்ஸ்பவுற் எண்டுற பீலிக் குழாய் கிடங்கின்ர மூலையில இருந்து ஒரு முழம் தள்ளித்தான் முடியுது. முதல் வேலை அதை ஆறேழு அடி தள்ளிக் கொண்டுபோய் வளவின்ர சரிவில விடுங்கோ. நாப்பது ஐம்பது டொலர் குழாய் வேலை.

அடுத்தது கிடங்குச் சுவரின்ர விளிம்பு. அது புல் மட்டத்தோட சமனா இருக்கு. சுத்திவர உள்ள மண்ணை விட ஆறு இஞ்சியாவது உயர்ந்து நிண்டிருக்கவேணும், மேல் படிக்கு முன்னாலயும் நிலம் வெளிப்பக்கம் சரியவேணும். இல்லாட்டி முழு வளவுத் தண்ணிக்கும் நீங்கள்தான் குளம். கதவின்ர நிலையும் லான்டிங்கோட சமனாத்தான் தெரியுது, அதுவும் ஒரு படி அளவுக்கு உயர்ந்து இருந்திருந்தா வடிகால் ஒருக்கா அடைச்சாலும் துடைக்க நேரம் கிடைச்சிருக்கும்.

இனித்தான் உண்மையான சந்தேகம். லான்டிங்கின்ர நடுவில ஒரு வடிகால் மூடி இருக்கு எண்டு எழுதியிருக்கிறியள். அது எங்க போகுது? ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாருங்கோ, உடன இறங்குதோ, நிண்டு நிண்டு இறங்குதோ. பிளம்பரைக் கூப்பிட்டு கமெரா விடச் சொல்லுங்கோ. சில வீடுகளில அந்த மூடிக்குக் கீழ கொஞ்சம் கல்லுத்தான் இருக்கும், குழாயே இருக்காது. வேற சில வீடுகளில குழாயை அத்திவாரத்தைச் சுத்தி ஓடுற வீப்பிங் ரைல் எண்டுற நிலத்தடி வடிகுழாய்க்குள்ள விட்டிருப்பினம், இலையும் மண்ணும் போய் அது அடைச்சுப்போகும். அதை விட மோசம், கிடங்கு வெட்டேக்க குறுக்க வந்த வீப்பிங் ரைலை வெட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் மூடிவிட்டிருப்பினம். எங்கட ஊர்த் தோட்டத்தில நடு வாய்க்காலை மண் போட்டு அணைச்சா என்ன நடக்கும், மேல்பக்கம் தண்ணி ஏறி நிக்கும். இதுவும் அதுதான், வீட்டைச் சுத்தி வாற நிலத்தடித் தண்ணி அந்த இடத்தில வந்து முட்டி, போக வழியில்லாமல் சுவருக்குள்ளால வரும். பிறகு கதவில பிழை எண்டு கதவை மாத்துவம். வெட்டின குழாயை லான்டிங்குக்குக் கீழால திரும்பத் தொடுக்கவேணும், கிடங்கு வடிகாலைத் தனியா சம்ப் குழிக்கோ (தண்ணி சேர்ந்து பம்பால வெளியேறுற குழி) சிற்றி அனுமதிக்கிற இடத்துக்கோ கொண்டுபோகவேணும்.

சம்ப் பம்ப் போட்டா பற்றரி பக்கப்போட போடுங்கோ, பெரிய மழையில கரண்ட் போறதும் கூடவே வரும். பக்வோட்டர் வால்வ் எண்டது வேற சாமான், அது தெருச் சாக்கடை நிரம்பித் திரும்பி உங்கட வீட்டுக்க வராமல் தடுக்கிறது, படிக்கிடங்கில நிரம்பிற மழைத் தண்ணியை அது தடுக்காது. ரெண்டுக்கும் ரொறன்ரோ சிற்றி மானியம் குடுக்குது, வேலை தொடங்க முதலே விதிகளைப் பாருங்கோ, லைசன்ஸ் உள்ள ஆள் செய்யவேணும், பில் வேணும். உங்கட இன்சூரன்சில சூவர் பக்கப், அதாவது சாக்கடை திரும்பி வாறது, சேர்ந்திருக்கோ எண்டும் பாருங்கோ, கனக்க பொலிசியில அது தானா வராது, தனியாக் காசு கட்டிச் சேர்க்கவேணும்.

ஏஜக்ஸ் வாசகர்: தனி வாசல் வைச்சா பேஸ்மென்ற் லீகல் ஆகீடும்தானே?

ஆகாது. வாசல் ஒரு பெர்மிற், ரெண்டாவது யூனிற், அதாவது அதே வீட்டுக்க தனிக் குடியிருப்பு, வேற பெர்மிற். 2022 கடைசியில வந்த பில் 23 எண்ட மாகாணச் சட்டத்துக்குப் பிறகு ஒன்ராறியோவில தண்ணி, சூவர் வசதி உள்ள சாதாரண வீட்டுக் காணியில மூண்டு யூனிற் வரைக்கும் இருக்கலாம், சிற்றி சோனிங்கால அதை மறிக்கேலாது. ஆனா அதை வைச்சு "இப்ப எல்லாம் லீகல்" எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில நெருப்புத் தாங்கிற பிரிப்பு, ஒண்டு அடிச்சா எல்லாம் அடிக்கிற மாதிரித் தொடுத்த ஸ்மோக் அலாம், கார்பன் மொனொக்சைட் அலாம், கூரை உயரம், ஜன்னல், ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கிற மெஷின்) அறை, வயறிங் எல்லாம் பார்ப்பினம். வேலை தொடங்க முதல் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே படமாக் கீறுவிச்சா காசும் மிச்சம், கதவை ஒரு இடத்தில வெட்டினாப் பிறகு குசினி அங்க வராது எண்டு தலையில கை வைக்கத் தேவையில்லை.

லீகல் இல்லாத பேஸ்மென்ற்ல இருக்கிற ரெனன்றுக்கும் ரெசிடென்ஷல் ரெனன்சீஸ் அக்ற் எண்டுற வாடகைச் சட்டத்தின்ர பாதுகாப்பு இருக்கு. "லீகல் இல்லைத்தானே, நாளைக்கே எழுப்பலாம்" எண்டு ஒருதரும் நினைக்காதேங்கோ. பெர்மிற் முடிஞ்சா வீடுகளை மதிப்பிடுற எம்பாக் வந்து வீட்டு மதிப்பைக் கூட்டலாம், புரொபர்ட்டி ரக்ஸ் கொஞ்சம் ஏறும். அதுக்குப் பயந்து பெர்மிற் எடுக்காமல் விடுறது வாடகைக் கணக்கையும் நெருப்பையும் ஒரே தராசில வைக்கிற வேலை.

நோர்த் யோர்க்கில இருந்து ஒரு மகள்: அம்மா கீழதான் இருக்கிறா, 74 வயசு. வெளிப்படிக்கு மேல கூரை போடலாமோ?

போடலாம், போடுறதுதான் நல்லது, ஸ்னோவும் இலையும் கிடங்குக்க நிரம்பாது. ஆனா கூரை எண்டு வந்தா சோனிங் வேற மாதிரிப் பார்க்கும், அதுக்கும் படத்தில கீறிக் குடுங்கோ, பிறகு போடுவம் எண்டு விட்டா இன்னொரு பெர்மிற். கைபிடி கட்டாயம் போடுங்கோ, அம்மாவுக்கு எண்டால் ரெண்டு பக்கமும். கிடங்கைச் சுத்தி மேல கார்ட், அதாவது விழாமல் தடுக்கிற வேலி, வேணும், விழுற உயரம் 600 மில்லிமீற்றருக்கு மேல எண்டாலே சட்டம் கேக்கும். 1.8 மீற்றர் வரைக்கும் ஆழம் எண்டால் 900 மில்லிமீற்றர் உயரம், அதுக்கு மேல 1,070. கம்பிக்கு நடுவில 100 மில்லிமீற்றருக்கு மேல இடைவெளி இருக்கக்கூடாது, பேரப்பிள்ளையின்ர தலை போகும். வாசலில ஒரு லைற், சுவிச் உள்ளுக்க. டிசம்பர்ல நாலரைக்கே இருட்டுது. உப்பைக் குறைச்சு மண் தூவுங்கோ, ஆனா அந்த மண் வடிகாலுக்க போகாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

பிக்கரிங் வாசகர்: கொன்றாக்டர் பாதிக் காசு முதலே கேக்கிறார், காசாவே வேணுமாம். குடுக்கலாமோ?

குடுக்காதேங்கோ. கட்டம் கட்டமாக் குடுங்கோ: தோண்டி ஃபூற்றிங் இன்ஸ்பெக்சன் பாஸானாப் பிறகு ஒண்டு, சுவர் எழும்பி மண் மூட முதல் இன்ஸ்பெக்சன் பாஸானாப் பிறகு ஒண்டு, இப்படி. பத்து வீதம் பிடிச்சு வைக்கிறது உங்கட கஞ்சத்தனம் இல்லை, ஒன்ராறியோவின்ர கொன்ஸ்ட்ரக்சன் அக்ற்லயே இருக்கிற விஷயம். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கின ஒப்பந்தம் எண்டால் பத்து நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். டபிள்யூஎஸ்ஐபி கிளியரன்ஸ் (வேலைக்காரருக்கு வேலையில காயம் பட்டா ஈடு குடுக்கிற மாகாணக் காப்புறுதிச் சபையின்ர கடிதம்), லயபிலிற்றி இன்சூரன்ஸ் ரெண்டும் கேளுங்கோ. அவற்ற வேலைக்காரப் பொடியன் கிடங்குக்க நிக்கேக்க பக்க மண் சரிஞ்சா என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. 1.2 மீற்றருக்கு மேல ஆழமான கிடங்கில ஆள் இறங்கிறதெண்டால் பக்கத்தைச் சரிச்சு வெட்டவேணும் இல்லாட்டி முட்டுக் குடுக்கவேணும், இது மாகாணச் சட்டம். களிமண் நேர நிக்குது எண்டு பார்க்க உறுதியாத்தான் இருக்கும், ஒரு மழைக்குப் பிறகு சத்தமில்லாமல் வரும். முட்டுக் குடுக்காமல் உள்ளுக்க ஆள் நிக்கிறதைக் கண்டா வேலையை நிப்பாட்டுங்கோ, ஆள் கோவிச்சாலும் பரவாயில்லை.

ஸ்காபரோவில இருந்து இன்னொருவர்: அம்மா தென்மேற்கு மூலையில கிடங்கு வெட்டக்கூடாது, கன்னி மூலை பதியக்கூடாது எண்டு ஒற்றைக்காலில நிக்கிறா. எங்கட பின்வளவில வசதியான மூலை அதுதான். நீங்கள் என்ன சொல்லுறியள்?

அம்மாவோட வாதாடி நான் வெண்டதா வரலாறு இல்லை, உங்கட அம்மாவோட நான் வரேல்லை. ஆனா மூலையைத் தெரிவுசெய்ய முதல் வேற சில ஆக்களிட்டயும் கேக்கவேணும். காஸ் மீற்றர் எந்த மூலையில நிக்குது, ஏசி எங்க, ஹைட்ரோ, அதாவது கரண்ட், வயர் எதால வருது? மீற்றரை நகர்த்திறது காஸ் கொம்பனிதான் செய்யவேணும், கொன்றாக்டர் தொடக்கூடாது. வளவில பெரிய மரம் நிக்குதோ? ரொறன்ரோவில நிலத்தில இருந்து 1.4 மீற்றர் உயரத்தில 30 சென்ரிமீற்றர் விட்டமோ அதுக்கு மேலயோ எண்டால் அது உங்கட காணியில நிண்டாலும் வேரை வெட்ட சிற்றியின்ர அனுமதி வேணும். ஹைலண்ட் கிறீக், ரூஜ் பக்கம் பள்ளத்தாக்கு ஓரமா வீடு எண்டால் ஆறு, பள்ளத்தாக்குகளைப் பாதுகாக்கிற ரிஆர்சிஏயிட்டயும் கேக்கவேண்டி வரலாம். இதெல்லாம் பார்த்து முடியேக்க அம்மா சொன்ன மூலை தானாவே அடிபட்டுப் போகவும் கூடும், அப்ப வீட்டில சண்டையும் இல்லை.

எந்த மூலை எண்டு முடிவானாலும் மண்வெட்டி வைக்க முதல் நிலத்தடி லைன்களைக் குறிக்க ஏற்பாடு செய்யிற ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கோ. காசு இல்லை. வந்து காஸ், ஹைட்ரோ, ரெலிபோன் லைன் ஓடுற இடமெல்லாம் நிறத்தில கீறிவிட்டுப் போவினம். கொன்றாக்டர் "நான் கோல் பண்ணீட்டன்" எண்டு சொன்னா லைன் குறிச்சதுக்குக் குடுக்கிற லொக்கேற் பேப்பரைக் காட்டச் சொல்லுங்கோ, அதில உங்கட வீட்டு இலக்கம் இருக்கோ, தேதி முடியேல்லையோ எண்டு பார்த்திட்டு மெஷினை உள்ள விடுங்கோ.